குளம்பு நீண்ட மானும் நாக்கு நீண்ட மனுஷனும்

வா கண்ணு, உக்காரு. அந்தப் போனைச் சித்த கீழ வை. நீ காட்ட வந்த படத்தை நான் முன்னாலயே பாத்துட்டேன். அமெரிக்காக் காட்டு மானு. குளம்பு சாண் நீளத்துக்கு வளந்து, நுனி மேல பாத்துச் சுருண்டு கெடக்குது. அதுக்கு அடியில சனங்க எழுதுனதையும் பேத்தியை உட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒருத்தன் செல்போன் டவரால வந்ததுங்கறான். ஒருத்தன் அணு உலைங்கறான். இன்னொருத்தன் புது இனமே பொறந்துருச்சு, பரிணாம வளர்ச்சிங்கறான். மர்மம், மர்மம்னு ஒரே கூப்பாடு.

ஏங்கண்ணு, அத்தன பேருல ஒருத்தனாவது அந்த மான் எதுல நிக்குது, எதைத் திங்குதுனு கேட்டானா?

கேக்க மாட்டான். கேட்டா ரெண்டு வரியில பதில் வந்துரும். மர்மம் தீந்து போகும். மர்மம் தீந்துட்டா பொழுது எப்படிப் போறது?

சரி, மொதல்ல குளம்புன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? படிச்ச புள்ளை, தெரிஞ்சிருக்கும். தெரியலீன்னாலும் தெரிஞ்ச மாதிரி தலையாட்டுவ, அதுவும் எனக்குத் தெரியும். மானுக்குக் காலுக்கு நாலு விரலு. நடுவுல இருக்கற ரெண்டுதான் மண்ணுல ஊணும். பின்னால ஒசக்கத் தொங்கற குட்டி ரெண்டும் சேத்துல காலு எறங்கினாத்தான் தரையைத் தொடும். வெளிய தெரியற ஓடு கெரட்டின். உன்ற வெரல் நகமும் அதே சரக்குதான். உள்ள எலும்பு. எலும்பையும் ஓட்டையும் ஒண்ணோடொண்ணு இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, ரத்தம் ஓடற மெல்லிசான மடிப்புச் சதை. மயிரும் தோலும் முடியற வரம்புல குளம்பு முளைச்சுக் கீழ எறங்கிக்கிட்டே இருக்கும். மாட்டுக்குன்னா மாசத்துக்கு 5 மில்லிமீட்டர் சொச்சம். நிக்காது. ஆயுசு முச்சூடும் வளரும்.

அப்பறம் எல்லா மானும் ஏன் சுருண்ட குளம்போட திரியலை? நடக்குது, தேயுது. வளர்ற அளவும் தேயற அளவும் சரியாப் போச்சு. அவ்வளவுதான் கணக்கு.

நம்மூருலயே பாரு. கம்ப்யூட்டர் வேலையை உதறிட்டு ஆடு வளக்க வந்த தம்பிக இருக்கறாங்க. லோன் போட்டுப் பரண் கட்டி, ஆட்டை மேல ஏத்தி, புழுக்கை கீழ உழுக சந்து உட்டு, பாக்கறதுக்கு மாளிகைதான். கொஞ்ச மாசம் போனா "அப்புச்சி, ஆட்டுக்குக் குளம்பு நீண்டு போச்சு, நடக்க மாட்டேங்குது"னு வந்து நிக்கறாங்க. நீண்டு போகாம? கல்லு படாத காலு எங்க தேயும்? காங்கேயத்துப் பக்கம் கொறங்காட்டுல மேயற ஆட்டுக்கு எவன் கத்தி புடிச்சுக் குளம்பு சீவுனான்? சரளைக்கல்லு சீவுது, கூலி கேக்காம. பரண் தப்புன்னு சொல்லலை. பரணுல ஏத்துனா சீவுற வேலை உன்றது, அதைத்தான் சொல்றேன்.

காட்டு மானுக்கும் இதே சட்டந்தான். ஈரமும் மெத்துமாக் கெடக்கற நெலத்துலயே கெடந்தா தேய்மானம் கொறையும், நுனி நீளும். ஆனா அது சும்மா நீளமாத்தான் போகும். சுருண்டு, பொளந்து, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கற குளம்புக்கு வேற காரணம் இருக்கோணும்.

எப்படிக் கண்டுபுடிக்கறது? பெரிய பரிசோதனைக்கூடம் எல்லாம் பொறவு போலாம். மொதல்ல எண்ணு. ஒரு காலுல மட்டும் நீண்டிருக்குதா, நாலுலயுமா?

ஒரு காலுன்னா அந்தக் காலுக்கு ஏதோ ஆயிப்போச்சு. காரு அடிச்சிருக்கும். கம்பி வேலியில சிக்கியிருக்கும். துப்பாக்கிக் குண்டு உரசியிருக்கும். வலிக்கற காலை மான் ஊணாது. ஊணாத காலு தேயாது. தேயாத குளம்பு நீளும். நாலு காலுலயும்னா சீக்கு காலுல இல்ல, உடம்புல. வயித்தைப் பாரு, ரத்தத்தைப் பாரு. இது தெரியாம நாலு வருசம் படிச்சு என்னத்தைக் கிழிச்சங்கறேன்?

வயித்துல இருந்து ஆரம்பிக்கறேன். ஏன்னா அங்கதான் மனுஷனோட கூத்து ஜாஸ்தி.

அமெரிக்காவுல வெள்ளைவால் மான்னு ஒண்ணு இருக்குது. ஊருக்குள்ள, தோட்டத்துக்குள்ள எல்லாம் சாதாரணமா வரும். குளிர்காலம் வந்தா பனி மூடிக்கும். அப்ப அது குச்சியும் மொட்டும் கடிச்சுக்கிட்டு, கோடையில ஏத்துன கொழுப்புல காலத்தை ஓட்டும். ஆயிரமாயிரம் வருசமா அப்படித்தான் ஓட்டுச்சு. ஆனா நம்ம ஆளுக்கு மனசு தாங்குமா? "ஐயோ பாவம், பட்டினி கெடக்குது"னு கடைக்குப் போறான். கடையில மானுக்குன்னே பேரு போட்டு மக்காச்சோளம் மூட்டையில விக்கறாங்க. வாங்கிட்டு வந்து வீட்டுக்குப் பின்னால அம்பாரமாக் கொட்டறான். பக்கத்து மரத்துல ஒரு கேமராவைக் கட்டறான். வீட்டுக்குள்ள போய்க் கணப்பு முன்னால உக்காந்துக்கறான்.

இப்ப அந்த மானோட வயித்துக்குள்ள போய்ப் பாப்போம். அசை போடற பண்டத்துக்கு தீனியைச் செரிக்க வெக்கறது அது இல்ல, அது வயித்துல குடியிருக்கற நுண்ணுயிருக. குச்சி திங்கற காலத்துக்குக் குச்சியைச் செரிக்கற கூட்டம் இருக்கும். தீனி மாறினா கூட்டம் மாற ரெண்டு மூணு வாரமாவது ஆகும். நீ ஒரே ராத்திரியில மாவுச்சத்தைக் கொட்டுனா என்ன ஆகும்? மாவைத் திங்கற கிருமி தறிகெட்டுப் பெருகும். லாக்டிக் அமிலம் சுரந்து வயிறு புளிச்சுப் போகும். மோசமாத் தின்ன மான் மூணு நாளைக்குள்ள செத்துப் போகும். அறுத்துப் பாத்தா வயிறு முட்டச் சோளம் இருக்கும். நெறஞ்ச வயித்தோட பட்டினிச் சாவு!

இதென்ன அமெரிக்கா அதிசயமா? மாட்டுப்பொங்கலுக்கு மறுநா நம்ம கால்நடை ஆஸ்பத்திரி வாசல்ல போய் நில்லு. வருசம் முச்சூடும் தட்டும் தவிடும் தின்ன மாட்டுக்கு, அன்னைக்கு ஒருநாளு பாசம் பொங்கி, குண்டா குண்டாப் பொங்கச் சோத்தையும் வாழப்பழத்தையும் ஊட்டிடறது. ராத்திரிக்கு மாடு படுத்துக்கும். காலையில டாக்டரு சோடா உப்பும் கையுமா அலைவாரு. எசமான் ஓரமா நின்னு, "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க"ம்பான்.

சரி, சாகாமப் பொழச்ச மானு? அங்கதான் குளம்பு வருது. வயிறு புளிச்ச வெஷம் ரத்தத்துல கலந்து, குளம்புக்குள்ள இருக்கற அந்த மடிப்புச் சதையில போய் உக்காரும். சதை வீங்கும். ஓடு நெகிழாது, வீக்கத்துக்கு எடம் ஏது? வலி உயிர் போகும். எலும்பைப் புடிச்சிருந்த புடி தளரும். குளம்பு வளர்ற தினுசே கோணலாயிரும். வலிக்குப் பயந்து மான் நுனியை ஊணாம குதிங்காலுல நடக்கும். நுனி தேயாது. நீளும், சுருளும். கால்நடை டாக்டருக இதை லேமினைட்டிஸ்ம்பாங்க. தீவனத்தை அள்ளிப் போட்டு வளக்கற பால்மாட்டுக்கும், தானியத் தொட்டியில தலையை உட்ட குதிரைக்கும் இதே கெதிதான்.

அடுத்த வருசம் அதே மான் அதே சோளக் குமிக்கு வரும். மரத்துல கட்டுன கேமரா படம் புடிக்கும். சோளம் கொட்டுன மகராசன் படத்தைப் பாத்து வாயைப் பொளப்பான். "எங்க தோட்டத்துல ஒரு மர்ம மான்!" உலகத்துக்கே அனுப்புவான். அதை நீ எனக்குக் கொண்டாந்து காட்டுவ.

நியூயார்க் மாநிலத்துல காட்டு மானுக்குத் தீனி வெக்கறதே சட்டப்படி குத்தம். அது வேற ஒரு சீக்குக்குப் பயந்து கொண்டாந்தது. மூளையை அரிக்கற நாள்பட்ட நலிவு நோய்னு ஒண்ணு 1967-ல கொலராடோவுல கண்டது, இப்ப மாநிலம் மாநிலமாப் பரவிக்கிட்டிருக்குது. ஒரே குமியில பத்து மான் வாய் வெச்சா எச்சில் வழியாப் பரவும்னு தடை போட்டாங்க. எதுக்குப் போட்டா என்ன, குளம்புக்கும் நல்லதுதான்.

சோளமே கொட்டாத காட்டுலயும் குளம்பு கெட்ட மான் இருக்குதேனு கேக்கறயா? கேளு, கேக்கோணும். இருக்குது. கொசுவைவிடப் பொடிசா ஒரு கடிப்பூச்சி, சேத்துல முட்டை வெக்கும். அது கடிச்சா மானுக்கு ஒரு வைரஸ் காச்சல் வரும். ரத்தக்குழாய் கசியற காச்சல். 1955-ல நியூஜெர்சி மானுகளுக்கு வந்தப்பத்தான் மொதமொதல்ல இன்ன வைரஸ்னு கண்டாங்க. நம்ம செம்மறிக்கு வர்ற நீலநாக்கு நோயும் இதுவும் பங்காளிக. பூச்சியும் அதே வகையறாதான். காச்சல் தாங்காம மான் தண்ணியைத் தேடிப் போய்க் கரையிலயே உழுந்து சாகும். நம்ம பக்கம் நீலநாக்கு மழையை ஒட்டி வரும். அங்க 2012-ல பெருவறட்சி, அந்த வருசந்தான் இந்தச் சீக்கு கொன்ன மானு ஏராளம். மழைக்கு வந்தாலும் வறட்சிக்கு வந்தாலும் பூச்சிக்கு வேண்டியது சேறு. இங்க மழை சேறாக்குது. அங்க குட்டை வத்தி வத்திக் கரை சேறாகுது. உறைபனி உழுந்தாப் பூச்சி சாகும், சீக்கும் நிக்கும்.

பொழச்ச மானோட குளம்பைப் பாக்கோணும் நீ. காச்சல் கண்ட வாரத்துல வளர்ச்சி நின்னு போயிருக்கும். அந்த எடத்துல ஒரு பள்ளம் விழுந்து, கந்துக்காரன் நோட்டுல தவணை தப்புன நாளுக்குக் கோடு கிழிச்சு வெச்ச மாதிரி, சுத்தி ஒரு வளையம் இருக்கும். நாளாக ஆக அது கீழ எறங்கும். சில மானுக்கு அந்தக் கோட்டுல ஓடு வெடிச்சு உரிஞ்சு வரும். இலையுதிர் காலத்துல வேட்டைக்குப் போறவன் சுட்ட மானைப் புரட்டிப் பாத்து, நாலு காலுலயும் வெடிச்ச குளம்பு இருந்தா, "கோடையில காச்சல் கண்டு பொழச்சது"னு அவனே சொல்லிருவான். அவன் பட்டம் வாங்கலை. பாத்துப் பாத்துப் பழகிட்டான்.

இப்ப பெரிய கதைக்கு வருவோம். வாஷிங்டன் மாநிலத்துத் தெம்மேக்கு மூலையில கௌலிட்ஸ்னு ஒரு ஆறு. அந்தப் பக்கத்துல எல்க்னு மான் சாதியில பெரிய உருப்படி ஒண்ணு, நம்ம கடமானைவிடப் பெருசு. 1990-கள் நடுவுல இருந்தே அங்கொண்ணும் இங்கொண்ணுமா நொண்டறதைக் குடியானவங்க பாத்துச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2008 வாக்குல சட்டுனு பெருத்துருச்சு. குளம்பு நீண்டு, குறுக்க மடிஞ்சு, சிலதுக்குக் குளம்பே கழண்டு, மொண்டிக் காலோட மேஞ்சுக்கிட்டிருக்குதுக. பாக்கப் பாவமாத்தான் இருக்கும். இதுல நான் கேலி பேசலை.

கேலி பேசறது அதுக்கப்பறம் நடந்ததை. ஊர்க்காரங்க மரக் கம்பெனிகளைக் கை காட்டுனாங்க. வெட்டுன காட்டுல களைக்கொல்லி தெளிக்கறாங்க, அதாலதான் இதுன்னாங்க. வனவிலங்குத் துறை கிருமின்னு சொல்லுச்சு. அவிங்க இவிங்களை நம்பலை. இவிங்க அவிங்களை மதிக்கலை. கூட்டம், கமிட்டி, அறிக்கை. எல்க்கு நொண்டிக்கிட்டே இருந்துச்சு. குளம்புத் துண்டு மட்டும் கப்பலேறாத கொறையா இங்கிலாந்து லிவர்பூல் பல்கலைக்கழகம் வரைக்கும் போய்ட்டு வந்துச்சு.

அங்க கண்டது என்ன? ட்ரெபோனீமாங்கற திருகுச்சுருள் பாக்டீரியா. மனுஷனுக்குப் பறங்கிப்புண்ணு கொண்டாற கிருமி இருக்குதே, அதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். சிரிக்காத, எல்க்கு எந்தத் தப்புக்கும் போகலை. பால்மாட்டுக் குளம்புல இதே வகைக் கிருமி இருக்கற புண்ணு ஒண்ணு உண்டு, அந்தப் புண்ணை 1974-லயே இத்தாலியில எழுதி வெச்சுட்டாங்க. மாடும் எல்க்கும் மேயற ஈரத் தரை ஒண்ணுதான்.

களைக்கொல்லியைச் சந்தேகப்பட்டவங்களை முட்டாள்னு சொல்ல மாட்டேன். கண்ணு முன்னால மருந்தடிக்கறதைப் பாத்தவன் கேக்கத்தான் செய்வான். கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் வாயை மூடியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். பதில் எப்படி வந்துச்சு தெரியுமா? 2017-ல சட்டமே போட்டு வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டிகிட்ட வேலையை ஒப்படைச்சாங்க. மார்கரெட் வைல்டுன்னு ஒரு டாக்டரம்மா தலைமை. அந்தம்மா கூட்டத்தோட செஞ்சது என்ன? சீக்குப்புடிச்ச குளம்பைத் துண்டாக்கி மண்ணோட கலந்து, பட்டியில கட்டுன எல்க்கு அந்த மண்ணுல நிக்கற மாதிரி பண்ணாங்க. அதுகளுக்குச் சீக்கு வந்துச்சு. அந்த மண்ணு படாத எல்க்குக்கு வரலை. அப்ப மண்ணு வழியாத் தொத்துதுனு முடிவாச்சு. எனக்கு இந்த டாக்டரம்மாவை ரொம்பப் புடிச்சுப் போச்சு. பேச்சு இல்ல, பட்டியும் மண்ணும் எல்க்கும்.

எதுக்குச் சீக்கு, எதுக்கு இல்லைனு பாக்காம அவசரப்பட்டா என்ன ஆகும்னு அமெரிக்காக்காரன் ஒருக்காப் பாத்தவன்தான். 1924-ல கலிபோர்னியாவுல மாட்டுக்கு வந்த கோமாரி, ஸ்டானிஸ்லாஸ் காட்டு மானுக்குத் தொத்திருச்சு. நிறுத்தறோம்னு 22,000 மானுக்கு மேல கொன்னாங்க. நோய்ப் புண்ணு இருந்தது பத்துல ஒண்ணுக்குத்தான்.

இன்னொரு தினுசு, மண்ணுல இருக்கற உப்பு உலோகம் சம்பந்தப்பட்டது. இதைச் சுருக்கமாச் சொல்லிட்டுப் போயிடறேன். அலாஸ்காவுல கீனாய் தீபகற்பத்துல மூஸ்னு மான் சாதி ஒண்ணு. 1970-கள்ல அதுகளுக்குக் குளம்பு கண்டபடி வளந்து கெடந்துச்சு. சோதிச்சா உடம்புல தாமிரச் சத்து பத்தலை. தாமிரம் இல்லாம கெரட்டின் கெட்டிப்படாது. அங்க கொறைச்சலால சீக்குன்னா, டகோட்டாப் பக்கம் மிச்சத்தால. 1856-ல ராண்டல் கோட்டைன்னு ஒரு பட்டாளத்து முகாம். குதிரைகளுக்குப் பிடரி மயிரு, வால் மயிரு உதுந்து, குளம்பு கழண்டுச்சு. பட்டாளத்து டாக்டரு மேடிசன் அதை எழுதி வெச்சாரு. பொறவு குடியேறுன சனங்க தண்ணியில காரம் ஜாஸ்திம்பாங்க. கார நோய்னே பேரும் வெச்சுட்டாங்க. 1930-கள்ல பாத்தா தண்ணி பாவம், ஒண்ணும் பண்ணலை. மண்ணுல செலினியம் ஏகத்துக்கு இருந்து, புல்லுல ஏறி, வயித்துக்குப் போய், குளம்புல கந்தகம் உக்கார வேண்டிய எடத்துல அது உக்காந்துக்கிச்சு. உண்மை தெரிய எழுவது வருசத்துக்கு மேல ஆச்சு, அதுவரைக்கும் தண்ணி மேல பழி. அப்ப செல்போன் டவர் இல்ல. இருந்திருந்தா தண்ணி தப்பிச்சிருக்கும்.

இப்பச் சொல்லு கண்ணு. சோளம் ஒண்ணு, பூச்சிக் காச்சல் ஒண்ணு, கிருமிப்புண்ணு ஒண்ணு, தாமிரம், செலினியம், அடிபட்ட காலு, மெத்து நெலம். இதுல எது உன்ற படத்து மானுக்கு? படத்தைப் பாத்து நான் சொல்ல மாட்டேன். சொல்றவனை நீ நம்பாத. எந்த ஊரு, எந்த மாசம், எத்தன காலு, பக்கத்துல என்ன மேயுது, யாரு என்னத்தைக் கொட்டறாங்க. இத்தனையும் தெரிஞ்சாத்தான் பேச்சு. அதுக்கப்பறமும் குளம்பை அறுத்துப் பாக்கறவன் சொல்றதுதான் தீர்ப்பு.

"வைத்தியம் என்ன அப்புச்சி?"னு கேப்ப. கட்டுத்தரை மாடுன்னா புடிச்சுக் கட்டி, சீவி, மருந்து போட்டுக் காப்பாத்தலாம். காட்டு எல்க்கை யாரு புடிச்சுக் கட்டறது? அதுக்குத் தடுப்பூசியும் இல்ல. அதனால வாஷிங்டன்காரங்க, சுட்ட எல்க்கோட குளம்பைச் சுட்ட எடத்துலயே போட்டுட்டுப் போ, கிருமியை வேற ஊருக்குச் சொமந்துட்டுப் போகாதன்னாங்க. அப்பறம் சீக்குக் குளம்பைக் கொண்டாந்து குடுத்தா விசேஷ வேட்டை அனுமதிக்குக் குலுக்கல்ல பேரு சேத்தறோம்னாங்க. போடுன்னதும் அவிங்கதான், கொண்டான்னதும் அவிங்கதான். ஆனா ரெண்டுக்கும் ஞாயம் இருக்குது. ரோசனை பண்ணிப் பாரு.

நீ செய்யக்கூடியது ஒண்ணு இருக்குது, சொல்லட்டுமா? லீவுக்கு முதுமலைப் பக்கம் வண்டி எடுத்துக்கிட்டுப் போவ. ரோட்டோரம் புள்ளிமான் நிக்கும். கூட வந்த புள்ளைங்க, "ஐ, மானு!"னு பிஸ்கட்டையும் பொரியையும் சோளக் கதிரையும் நீட்டும். அதுவும் அசை போடற பண்டம்தான், அதுக்கும் அதே வயிறுதான். வண்டியை நிறுத்தாத. பாக்கெட்டைப் பிரிக்காத. பிரிச்சிருந்தா நீயே தின்னுட்டுப் போய்க்கிட்டே இரு.